ஒரே குதிரைத்திறன், வேறு எடை: பழைய ஃபைபர் படகில் புது மோட்டார் மாட்டினால் பின்பக்கம் ஏன் அமிழ்கிறது?

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு படகு வைத்திருப்பவர்களை அது நேராகத் தாக்கியது. அவர்களுடைய வெளியிணைப்பு மோட்டார்களில் (படகின் பின்முனையில் வெளியே மாட்டுபவை) பெரும்பாலானவை பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவை. கடலுக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி, தூத்துக்குடி நாட்டுப்படகுகளிலும் மானிய மண்ணெண்ணெயை நம்பி ஓடுபவை ஏராளம். எரிபொருள் செலவைக் குறைக்க ஒரு வழி, பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டுவது. புதுப் படகுக்குப் பணம் புரளாதவர்கள், கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய ஃபைபர் உடலைச் சீர்செய்து அதில் புது மோட்டாரை மாட்டப் பார்க்கிறார்கள்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதே 40 குதிரைத்திறன், அதே படகு. அப்புறம் ஏன் தண்ணீரில் இறக்கியதும் பின்பக்கம் தாழ்ந்து, அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கிறது? மோட்டாரின் எடை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அந்த எடை எங்கே தொங்குகிறது என்பதில் இருக்கிறது.

அடிப்படை: இரண்டு மையங்கள்

மிதக்கும் எந்தப் படகும், தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்குகிறது. ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1025 கிலோ. எடை கூடினால் படகு இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து, கூடுதல் தண்ணீரை ஒதுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும்.

படகு, மோட்டார், ஆட்கள், வலை எல்லாவற்றின் எடையும் சேர்ந்து ஒரே புள்ளியில் கீழே இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது எடை மையம். தண்ணீர் மேலே தள்ளுவதும் ஒரு புள்ளியில் நடப்பதாகக் கொள்ளலாம். அது மிதப்பு மையம். படகு சும்மா நிற்கும்போது இந்த இரண்டும் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்று வந்தே தீரும். எடை மையத்தை நீங்கள் பின்னால் தள்ளினால், மிதப்பு மையமும் பின்னால் போகும்வரை படகு பின்பக்கம் தாழும். முன்பின்னான இந்தச் சாய்வுக்கு டிரிம் என்று பெயர்.

எவ்வளவு தாழும் என்பதை முடிவுசெய்வது திருப்புத்திறன், அதாவது எடையை அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது. சீசாப் பலகையில் ஓரத்தில் உட்கார்ந்த சின்னப் பையன் நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவரைத் தூக்கிவிடுகிறான் அல்லவா, கணக்கு அதேதான். படகின் மற்ற எல்லாச் சாமான்களுக்கும் இடம் மாற்ற வழி உண்டு. மோட்டார் ஒன்றுதான் எப்போதும் கடைசி ஓரத்தில், படகின் பின்முனையை மூடும் பின்பலகைக்கும் வெளியே தொங்குகிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் ஏன் கனமானது?

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதே சக்தியை எடுக்கப் பெரும்பாலும் பெரிய சிலிண்டர் தேவைப்படுகிறது. வால்வு, கேம் ஷாஃப்ட், அதை ஓட்டும் பெல்ட் அல்லது செயின், எண்ணெய்த் தொட்டி, அதற்குள் எண்ணெய் என்று வரிசையாகச் சேர்கின்றன. சந்தையில் கிடைக்கும் 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் 70 முதல் 80 கிலோவுக்குள் இருக்கும். அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை ஒட்டி நிற்கும். 15 குதிரைத்திறனில் டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவுக்கும் கிடைக்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக்கோ 44 முதல் 52 கிலோ. சமீபத்திய மாடல்கள் சில நன்றாக இளைத்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் "ஃபோர் ஸ்ட்ரோக் என்றாலே இரண்டு மடங்கு கனம்" என்ற பேச்சை நம்பவேண்டாம், மாடலைப் பார்த்து எடையைக் கேளுங்கள். கேட்கும்போது அந்த எடையில் எண்ணெயும் ப்ரொப்பெல்லரும் சேர்த்தியா என்றும் கேளுங்கள். சில கையேடுகளில் இரண்டும் சேர்ந்திருக்காது.

செல்ஃப் ஸ்டார்ட் மாடல் என்றால் கூடவே பேட்டரி வரும். மோட்டாரின் எடையைப் பார்ப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 18 கிலோ பேட்டரி வழக்கமாகப் போய் உட்காரும் இடமும் பின்பலகைக்குப் பக்கத்து மூலைதான்.

ஒரு படகை எடுத்துக் கணக்குப் போடுவோம்

இலங்கையில் வெளியிணைப்பு ஃபைபர் படகுகள் பெரும்பாலும் 18 முதல் 23 அடி. நாம் சின்னதை எடுப்போம்: 18 அடி, அதாவது 5.5 மீட்டர். தண்ணீர்க் கோட்டில் நீளம் 5 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். அணியம் கூர்மையாக இருப்பதால் தண்ணீரைத் தொடும் பரப்பு முழுச் செவ்வகமாக இராது. முக்கால் பங்கு வைத்தால் சுமார் 5.6 சதுர மீட்டர். உடலின் வடிவத்தைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

1. இந்தப் படகு மட்டமாக ஒரு செ.மீ. அமிழச் சுமார் 57 கிலோ தேவை.

2. ஒரு கிலோவை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் ஒரு அலகு என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுப் படகில் 20 அலகு திருப்புத்திறன் ஏறினால், அணியத்துக்கும் பின்பலகைக்கும் இடையே ஒரு செ.மீ. டிரிம் மாறும்.

3. தூரத்தை அளக்கவேண்டியது படகு எந்தப் புள்ளியை அச்சாக வைத்துச் சாய்கிறதோ அங்கிருந்து. அது நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அங்கிருந்து மோட்டார் 2.4 மீட்டர், மூலையில் வைத்த பேட்டரி 2.1 மீட்டர் என்று கொள்வோம்.

72 கிலோ டூ ஸ்ட்ரோக்கை இறக்கி 97 கிலோ ஃபோர் ஸ்ட்ரோக்கை ஏற்றினால் கூடுவது 25 கிலோ. 25 × 2.4 = 60 அலகு. பேட்டரி 18 × 2.1 = 38 அலகு. மொத்தம் 98 அலகு, அதாவது கிட்டத்தட்ட 5 செ.மீ. டிரிம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு பின்பக்கத்துக்குப் போகும். கூடிய 43 கிலோவால் படகு மட்டமாக அமிழ்வது முக்கால் செ.மீ. இரண்டையும் சேர்த்தால் பின்பலகை சுமார் 3 செ.மீ. கூடுதலாக அமிழும், அணியம் 2 செ.மீ. எழும்.

இதே 43 கிலோவைப் படகின் நடுவில் வைத்திருந்தால் எந்தப் பக்கமும் ஒரு செ.மீ. கூட அமிழ்ந்திருக்காது. எடையைவிட இடம்தான் முக்கியம் என்பது இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் தெரிகிறது.

சீர்செய்த படகுக்கு மட்டும் உள்ள தொல்லை

பழைய உடல், கட்டியபோது இருந்த எடையில் இருக்காது. இரண்டு இடங்களைச் சந்தேகப்பட வேண்டும்.

முதலாவது பின்பலகை. பட்டறையில் டிரான்சம் என்பார்கள். உள்ளே பிளைவுட், இரண்டு பக்கமும் ஃபைபர். போல்ட் துளை வழியாகப் பல வருடம் தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் மக்கியிருக்கும். அதைப் பிரித்துப் புது பிளைவுட் வைத்து, "இனிமேல் அசையவே கூடாது" என்று பட்டறைக்காரர் கண்ணாடி நார் மேட் மேல் மேட் போடுவார். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு, ரெசினோடு சேர்ந்து, சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ. பின்பலகையும் அதை ஒட்டிய பக்கங்களும் சேர்ந்து 2 சதுர மீட்டர் என்றால், வழக்கத்தைவிட ஐந்து அடுக்கு கூடப் போட்டால் 15 கிலோ. மோட்டார் தொங்கும் அதே ஓரத்தில் இந்த 15 கிலோவும் ஏறிவிடுகிறது. பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை; 97 கிலோ மோட்டாரைத் தாங்கும் பலகை திடமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பலகைக்கும் தளத்துக்கும் இடையே ஒரு முட்டுக் கொடுத்து விசையைப் படகின் உடலுக்குக் கடத்துவது, குருட்டுத்தனமாகத் தடிமன் ஏற்றுவதைவிட நல்ல வேலை.

இரண்டாவது, தளத்துக்கு அடியில் அடைத்த ஃபோம். நல்ல மூடிய செல் ஃபோம் கன மீட்டருக்கு 30 கிலோ சொச்சம்தான். வருடக்கணக்கில் தேங்கிய நீரில் கிடந்தால் அது தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு கனக்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தளத்தில் விரல் பருமனுக்கு ஒரு துளை போட்டு, கம்பியால் கொஞ்சம் ஃபோமைச் சுரண்டி எடுத்துப் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் அந்தப் பக்கம் முழுவதையும் பிரிக்கத்தான் வேண்டும். படகு பின்பக்கம் தாழ்ந்து நிற்பதால் கசிவு நீர் பின்னால்தான் சேரும். ஆகவே ஊறிய ஃபோமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

துறைமுகத்தில் மீன் எடை போடும் தொங்கு தராசு கிடைத்தால் உடலையே நிறுத்துவிடலாம். மறுமுனையைக் கட்டைமேல் நிறுத்திவிட்டு முன்பக்கத்தைத் தூக்கி ஓர் எடை, பிறகு பின்பக்கத்தைத் தூக்கி ஓர் எடை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை, இரண்டின் விகிதத்தில் எடை மையம் இருக்கும் இடம். அரை நாள் வேலை, ஆனால் அதற்கப்புறம் ஊகத்துக்கு இடமில்லை.

3 செ.மீ. என்ன செய்துவிடும்?

குட்டை ஷாஃப்ட் மோட்டாருக்கான பின்பலகை, படகின் அடியிலிருந்து 15 அங்குலம், அதாவது 38 செ.மீ. அதில் 18 செ.மீ. தண்ணீருக்குள் இருந்தால், அலை ஏறாமல் தடுக்க மிச்சம் 20 செ.மீ. அதில் 3 போனால் 17. துறைமுகத்துக்குள் இது ஒன்றுமே இல்லை. பின்னாலிருந்து அலை வரும் நாளில், ஆளும் மீனும் ஏறிய படகில், அந்த 3 செ.மீ. கணக்கில் வரும்.

தளம் போட்டு, தானாக நீர் வடியத் துளை வைத்த படகுகளில் விஷயம் இன்னும் நுட்பமானது. தளம் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இருக்கும்வரைதான் அந்தத் துளை நீரை வெளியே விடும். பின்பக்கத் துளை கோட்டுக்கு 2 செ.மீ. மேலே வைக்கப்பட்டிருந்தால், 3 செ.மீ. தாழ்ந்த பிறகு அது கடல்நீர் உள்ளே வரும் வழியாகிவிடும். உள்ளே வந்த நீர் பின்னால் சேர்ந்து, படகை இன்னும் பின்னால் தாழ்த்தி, இன்னும் நீரை உள்ளே விடும். 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பில் நீர் நின்றாலே 100 கிலோ. படகு ஆடும்போது அது பக்கத்துக்குப் பக்கம் ஓடிக் கவிழவும் உதவும்.

இன்னொரு ஆபத்தான நொடி, வேகமாக வந்துகொண்டிருக்கும்போது திராட்டிலைச் சட்டென மூடுவது. படகு நின்றுவிடும், அதன் பின்னால் எழும்பிய அலை நிற்காது. அது ஓடிவந்து பின்பலகை மேல் ஏறும். கனமான மோட்டாரும் தாழ்வான பலகையும் சேர்ந்த படகில் ஒரு வாளி நீராவது உள்ளே விழும். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்குக் காசு செலவில்லை.

ஓட்டத்திலும் மாற்றம் தெரியும். சறுக்கி ஓடும் வேகத்துக்கு ஏற முன்னைவிட நேரம் எடுக்கும். அதுவரை அணியம் எழுந்து எதிரே இருப்பதை மறைக்கும். ஏறிய பிறகும், அமைதியான நீரில்கூட அணியம் எழுந்து எழுந்து விழுந்தால் எடை அளவுக்குமேல் பின்னால் இருக்கிறது என்று பொருள்.

மோட்டாரின் பின்னை (pin) மாற்றினால் போதாதா?

மோட்டார் பிராக்கெட்டில் வரிசையாக ஓட்டைகள், அதில் ஒரு பின் இருக்கும். பின்னை உள்பக்க ஓட்டைக்கு மாற்றினால் மோட்டார் படகை ஒட்டிச் சாய்ந்து, ப்ரொப்பெல்லரின் தள்ளல் அணியத்தைக் கீழே அழுத்தும். "படகு முன்னால் தூக்குது" என்று போனால் மெக்கானிக் முதலில் சொல்வது இதைத்தான். தப்பில்லை, ஆனால் ப்ரொப்பெல்லர் தள்ளும்போது மட்டுமே அது வேலை செய்யும். வலை போட்டுவிட்டு மோட்டாரை அணைத்துக் காத்திருக்கும் மணிக்கணக்கான நேரத்தில் பின் எந்த ஓட்டையில் இருந்தாலும் ஒன்றுதான். பின்பலகைக்கு வெளியே தட்டு வைத்து மோட்டாரை இன்னும் 20, 30 செ.மீ. தள்ளி மாட்டும் வழக்கமும் இருக்கிறது. எடைச் சிக்கல் உள்ள படகில் அது தூரத்தைக் கூட்டி நிலைமையை மோசமாக்கும்.

நகர்த்த முடிந்ததை நகர்த்துவது

மோட்டாரை நகர்த்த முடியாது, மற்றதை முடியும். மேலே போட்ட கணக்கிலேயே தொடர்வோம்.

1. எரிபொருள்: 25 லிட்டர் கேன் இரண்டு, பெட்ரோலோடு சுமார் 40 கிலோ. பின்னால் 1.7 மீட்டரில் இருப்பதை அச்சுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தால் 2 மீட்டர் நகர்வு, 80 அலகு. எரிபொருள் குழாய் நீளும். இணைப்புகளில் காற்று இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. பேட்டரி: மூலையிலிருந்து 1.8 மீட்டர் முன்னால் நகர்த்தினால் 32 அலகு. வயர் நீளுவதால் தடிமனான கேபிள் போடவேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் திணறும்.

3. ஓட்டுபவர்: 70 கிலோ ஆள் பின்பலகையிலிருந்து அரை மீட்டர் முன்னால் உட்கார்ந்தாலே 35 அலகு. மோட்டாரைத் திருப்பும் டில்லர் கைப்பிடிக்கு ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டால் முடிந்தது. இருப்பதிலேயே மலிவான வைத்தியம் இது.

முதல் இரண்டும் சேர்ந்தாலே 112 அலகு. மோட்டாரும் பேட்டரியும் கொண்டுவந்த 98-ஐ அது தின்றுவிடுகிறது, ஒரு கிலோகூடக் கூட்டாமல்.

இதற்குப் பதிலாக அணியத்தில் மணல் மூட்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். நின்ற நீரில் படகு மட்டமாகிவிடும், உண்மைதான். ஆனால் இரண்டு முனைகளிலும் கனம் இருக்கும் படகு அலைக்கு மெதுவாகத்தான் தலை தூக்கும்; எதிரலை அணியத்தில் ஏறும். அலை பின்னாலிருந்து தள்ளக் கரைக்கு வரும்போது அணியம் நீருக்குள் குத்தி, பின்பக்கம் சுழன்று, படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். கரையலை உடையும் இடத்தில் படகு கவிழ்வது இப்படித்தான். சாமானை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அணியத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அப்படியும் போதவில்லை என்றால் மோட்டாரின் இரண்டு பக்கமும் பின்பலகையோடு சேர்த்து ஃபைபர் மிதவைப் பெட்டி கட்டலாம். 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள பெட்டி 15 செ.மீ. அமிழ்ந்தால் 18 கிலோ தூக்கும். அது கடைசி ஓரத்தில் தூக்குவதால் பலன் பெரிது. ஆனால் ஓடும்போது படகின் நடத்தையும் மாறும். அடிப்பகுதியின் கோட்டை நேராகத் தொடரத் தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

மோட்டார் வாங்குமுன் ஒரு சோதனை

1. பழைய மோட்டாரோடு படகை அமைதியான நீரில் நிறுத்தி, அணியத்திலும் பின்பலகையின் இரு மூலைகளிலும் நீர்மட்டத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள்.

2. புது மோட்டார் எத்தனை கிலோ கூடுதலோ அத்தனை லிட்டர் நீரைக் கேனில் நிரப்பி, பழைய மோட்டாரோடு சேர்த்துப் பின்பலகையில் கட்டுங்கள். பேட்டரிக்கும் அதன் இடத்தில் அப்படியே ஒரு கேன்.

3. முழுச் சுமையோடு பாருங்கள். ஆட்கள், ஐஸ் பெட்டி, நனைந்த வலை. காய்ந்த வலையை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

4. வடிதுளை நீருக்கு மேலே இருக்கிறதா, பின்பலகையில் மோட்டார் உட்காரும் வெட்டு நீரிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளவெடுங்கள்.

5. பிடிபட்ட மீன் எங்கே போகும் என்று யோசித்து, அதே எடைக்குக் கேன்களை அங்கே வைத்து மறுபடி அளவெடுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் இது ஒரே படகு இல்லை.

தண்ணீர் நிறைந்துவிட்டால்

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த வெளியிணைப்பு மோட்டார் படகுகள், நீர் நிறைந்தாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்ற விதி 1978-இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஃபோம் எவ்வளவு அடைப்பது என்ற கணக்கில், குதிரைத்திறனுக்கு ஏற்ற மோட்டார் எடையும் ஒரு பட்டியலாகச் சேரும். பின்னால் போதுமான மிதப்பு இல்லாவிட்டால், நீர் நிறைந்த படகு மோட்டாரின் கனத்தால் செங்குத்தாகத் தொங்கும். பிடித்துக்கொள்ள அணியத்தின் நுனி மட்டும் மிஞ்சும்.

நம் கரைகளில் சீர்செய்யும் படகுக்கும் இதே தர்க்கம்தான். ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். மோட்டார் 25 கிலோ கூடினால், பின்பகுதியில், அதுவும் பக்கவாட்டில் உயரமாக, இன்னும் 25 லிட்டராவது வேண்டும். தெர்மாகோல் மலிவு என்று அதை அடைத்து மேலே பாலியெஸ்டர் ரெசின் பூசாதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், மூடிய பெட்டிக்குள் வெறும் பள்ளம்தான் இருக்கும். பாலியூரித்தேன் ஃபோம் வாங்குங்கள்.

கழற்ற முடியாத மோட்டார்

15 குதிரைத்திறன் வரை மோட்டாரை மாலையில் கழற்றித் தோளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் கீழே கிடத்தும்போது கையேட்டில் சொன்ன பக்கமாகத்தான் கிடத்த வேண்டும், மாறினால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். 100 கிலோ மோட்டாரைத் தினமும் யாரும் கழற்றப்போவதில்லை. அது இரவும் பகலும் படகிலேயே தொங்கும். ஓட்டுபவர் இல்லை, கேன்கள் கரைக்குப் போய்விட்டன, நடுவில் எடை எதுவும் இல்லை. ஆகவே நங்கூரத்தில் நிற்கும் காலிப் படகு பின்பக்கம் சாய்ந்தே நிற்கும். மழை பெய்தால் அத்தனை நீரும் அந்த மூலைக்கு ஓடும். அதனால் சோதனையின்போது ஆளும் சுமையும் இல்லாமல், மோட்டார் எடை மட்டும் வைத்த காலிப் படகையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். வடிதுளை அப்போதும் நீருக்கு மேலே இல்லையென்றால், மழைக்காலத்தில் படகைக் கரையேற்றி வடிகால் அடைப்பானைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது மிதவை சுவிட்சோடு ஒரு சின்னப் பம்பு பொருத்த வேண்டும். பம்புக்கான வயரைப் பேட்டரியை இடம் மாற்றும்போதே சேர்த்து இழுத்துவிடலாம்.